தேரி மண் ஏன் சிவப்பு?

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பனைமரங்களுக்கு நடுவே தரை முழுக்கச் செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும். அதைத்தான் தேரி என்கிறோம். கடற்கரை மணல் மாதிரி வெளுத்ததும் இல்லை, சாதாரணச் செம்மண் மாதிரி கட்டிப் பிடிப்பதும் இல்லை. கையில் அள்ளினால் விரல் இடுக்கு வழியாகச் சரசரவென்று இறங்கிவிடும், ஆனால் உள்ளங்கையில் லேசாக ஒரு சிவப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும்போது இந்த மண்ணைப் புனிதமாக எண்ணி மக்கள் துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

சரி, இந்த மணல் ஏன் சிவப்பு? பார்க்கச் சின்னக் கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தால் மலை, ஆறு, கடல், காற்று, மரம், மனிதர் என்று எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பூமியின் காற்றும் நீரும் நிலமும் உயிர்களும் தங்களுக்குள் எப்படிக் கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன என்று புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால் தேரியை வைத்தே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் இதை நான்காகப் பிரித்துப் படித்திருப்போம். மண்ணும் பாறையும் பாறைக்கோளம். கடல், ஆறு, குளம், நிலத்தடி நீர், பனிக்கட்டி எல்லாம் நீர்க்கோளம். நம்மைச் சுற்றியுள்ள காற்று வளிமண்டலம். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவில் தொடங்கி யானை வரைக்கும் உயிருள்ளவை எல்லாம் உயிர்க்கோளம். நான்கு வட்டம் வரைந்து நடுவில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். தப்பான படம் இல்லை. ஆனால் அதைப் பார்த்தால் நான்கும் நான்கு தனி அறைகள் என்றும், எப்போதாவது கதவைத் திறந்து எதையோ கைமாற்றிக்கொள்கின்றன என்றும் ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. அப்புறம் முக்கியமான இன்னொரு விஷயம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை: நேரம். இந்த நான்கும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. சில வேலை ஒரே இரவில் முடிந்துவிடும், சிலதுக்கு ஆயிரக்கணக்கான வருடம் பிடிக்கும். அந்த வேக வித்தியாசம் தேரியில் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

முதலில் சிவப்பு. தேரி மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்கிற கல்லின் துகள். அதற்குச் சொந்தமாக நிறம் கிடையாது. ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிசாக இரும்பு ஆக்சைடு பூச்சு படிந்திருக்கிறது, கூடவே கொஞ்சம் களிமண்ணும். அந்தப் பூச்சுதான் சிவப்பு. ஆணியில் பிடிக்கும் துருவுக்கு இது நெருங்கிய சொந்தம். துரு பிடிக்க என்னென்ன வேண்டும்? இரும்பு வேண்டும், அது பாறை தருவது. இந்த மணலோடு கலந்து கிடக்கும் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களில் இரும்பு இருக்கிறது. ஈரம் வேண்டும், அது மழை. ஆக்சிஜன் வேண்டும், அது காற்றில் இருக்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள், காற்றுக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? பூமி பிறந்து ஏறக்குறைய பாதிக் காலம் வரைக்கும் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருந்துகொண்டு, வெயிலின் சக்தியால் அந்தத் தண்ணீரையே பிளந்து ஆக்சிஜனை வெளியே விட்டன. அப்படி வந்த ஆக்சிஜன் வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி வருடங்களுக்கு முன்பு. இன்று நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான், அதைத் தீராமல் வைத்திருப்பதும் செடி கொடிகளும் கடலில் மிதக்கும் நுண்பாசிகளும்தான். ஆகவே தேரியின் சிவப்பு என்பது பாறை, மழை, காற்று, உயிர் நான்கும் சேர்ந்து ஏற்றிய சாயம். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த நிறம் கிடைத்திருக்காது.

சாயம் ஏற நாளும் ஆகும். கடற்கரையை ஒட்டி வெள்ளை மணல் மேடுகளையும் பார்க்கலாம், அவை வயதில் இளையவை. நனைவதும் காய்வதுமாக வெப்பமான ஊரில் பல ஆயிரம் வருடம் கிடந்த மணலில்தான் இப்படிச் சிவப்பு ஏறும்.

அடுத்தது, இந்த மணல் எங்கிருந்து வந்தது? கதை மேற்கே மலையில் தொடங்குகிறது. மழைத்துளி விழும்போது காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் இறங்குகிறது, அதனால் மழைநீர் லேசான அமிலம். சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான், மழையில் மிகக் குறைவு. நாக்குக்குத் தெரியாது, ஆனால் பாறைக்குத் தெரியும். மலைக்காட்டில் வேர்களும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டு அந்த அமிலத்தை இன்னும் கூட்டுகின்றன, வேர் பாறை இடுக்கில் நுழைந்து விரிசலைப் பெரிதாக்குகிறது. பாறையில் இளகக்கூடியதெல்லாம் கரைந்தும் களிமண்ணாகவும் போய்விட, கரையாத குவார்ட்ஸ் மணலாக மிஞ்சுகிறது. இதைத்தான் பாறை சிதைவு என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பாறை தானாக உடைந்துபோன மாதிரி இருக்கிறது, உண்மையில் காற்றும் நீரும் உயிரும் கூடிச் செய்யும் வேலை அது.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. கருமேனியாறு, நம்பியாறு போன்ற சின்ன ஆறுகளும் தங்கள் பங்குக்கு மணலைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. ஆறு எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கொற்கைக்குப் போக வேண்டும். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர்போன துறைமுகம் அது. இன்று அங்கே நின்றால் கடலையே பார்க்க முடியாது, வயலும் வாழையும்தான். ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும் சேர்ந்து சேர்ந்து கரையைக் கிழக்கே தள்ளிவிட்டன, ஊர் பல கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு செழித்த பழையகாயலுக்கும் இதே கதிதான். துறைமுகம் கடைசியில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்ததில் வண்டலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது மணல் கரைக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கி மேடாகக் குவித்தது காற்று. ஆனால் அவ்வளவு மணல் காற்றின் கைக்கு எப்படி எட்டியது என்றால், அதற்குக் கடல் விலகி வழிவிட்டிருக்கலாம். சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பு, கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகத்தின் கடல்நீரில் ஒரு பகுதி பெரும்பாலும் வடக்கே பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே. மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதியெல்லாம் காய்ந்த நிலம், இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். எங்கோ கனடாவிலும் ஐரோப்பாவிலும் பனி உறைந்ததற்காகத் திருச்செந்தூர்க் கரையில் கடல் பின்வாங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது. அப்படி வெளியே வந்த கடலடி மணலைக் காற்று அள்ளி வந்து குவித்தது என்பது ஒரு கருத்து. மேற்கே மலையடிவாரச் செம்மண்ணைக் காற்று அரித்துக்கொண்டு வந்தது என்பது இன்னொன்று. எப்படியானாலும் தூக்கி வந்த கை காற்றினுடையது.

மணல் மேட்டுக்கு வயது பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. வெயில் படாமல் புதைந்து கிடக்கும் குவார்ட்ஸ் துகள், சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கம் தரும் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் சேர்த்துவைக்கும். ஒருமுறை வெயில் பட்டால் சேர்த்ததெல்லாம் அழிந்து கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே ஆய்வகத்தில் அந்தச் சேமிப்பை அளந்தால், துகள் கடைசியாக எப்போது சூரியனைப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். தேரியில் அப்படி அளந்ததில் சுமார் 11,400 வருடங்களிலிருந்து 5,600 வருடங்களுக்கு முன்பு வரைக்குமான கணக்கு கிடைத்திருக்கிறது. பனி உருகி, கடல் மெல்ல மெல்ல ஏறி, இன்றைய மட்டத்தை ஒட்டி வந்து நின்ற காலமும் இதுதான். அப்போது இங்கே மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்த சின்னச் சின்னக் கல்லாயுதங்கள் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. 1956-ல் ஸொய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஊரின் குணத்தையே தீர்மானிப்பது அதுதான். கோடையில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்ற, அதே அளவு மணலுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். சூடான நிலத்தின் மேலே காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். தினமும் மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று இப்படி வருவதுதான். இதையே ஒரு துணைக்கண்டம் முழுக்க, நான்கு மாதத்துக்கு நடப்பதாக வைத்துக்கொண்டால் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி ஓரளவு பிடி கிடைத்துவிடும். அந்தக் காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்க முடியாது, கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாக இருக்கிறது, இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. அதனால்தான் கேரளத்தில் குடையில்லாமல் நடக்க முடியாத ஜூன், ஜூலையில் தூத்துக்குடி காய்கிறது.

இதில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல் மாதிரி. மலைத்தொடரின் தென்கோடி இடைவெளி அது, நெருக்கிப் பாயும் காற்று அங்கே வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்பது அதற்காகத்தான். கணவாயைத் தாண்டி வரும் அதே மேற்குக் காற்று தேரி மணலை நகர்த்துகிறது, தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தியைக் காயவைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று சும்மா சொல்லவில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும். ஆக, வருடம் முழுக்க மெதுவாக வீசும் காற்றைவிட, சில வாரம் ஓங்கி வீசும் காற்றுக்குத்தான் நிலத்தை மாற்றும் பலம்.

மணல் பறக்கிறது என்கிறோம், உண்மையில் அது தாவுகிறது. நுண்ணிய தூசி மட்டும்தான் உயரே எழும்பித் தூரம் போகும். மணல் துகள் கொஞ்சம் எழும்பி, முன்னே போய் விழுந்து, விழுந்த இடத்தில் நாலைந்து துகளைத் தெறிக்கவிடும், அவையும் தாவும். தேரியில் காற்று நாளில் நடந்தால் கணுக்காலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. தாவல் எல்லாம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான்.

எனவே அதைத் தடுப்பதும் அந்த உயரத்தில்தான் நடக்க வேண்டும். ஒரு புல் கொத்து, ஒரு கொழுஞ்சிச் செடி போதும், தரையை ஒட்டி வரும் காற்றின் வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலைப் போட்டுவிடும். உடைமரம் குடை மாதிரி விரிந்து நிழல் தரும், நிழலில் ஈரம் கொஞ்சம் தங்கும், ஈரமான மணல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய மணலைக் காற்று சுலபத்தில் தூக்க முடியாது. கொழுஞ்சியின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். காற்றில் நைட்ரஜன் ஐந்தில் நான்கு பங்கு இருந்தும் பனைக்கோ முந்திரிக்கோ அதை நேரடியாக எடுக்கத் தெரியாது, யாராவது பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் பனை. ஆணிவேர் இல்லாமல், அடிமரத்திலிருந்து நூற்றுக்கணக்கான சல்லிவேர்கள் இறங்கி மணலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். தேரி மணல் நகர்ந்து வந்து வயலையும் வழியையும் மூடிய காலம் இருந்தது, அதைக் கட்டுப்படுத்த ஆங்கிலேயர் காலத்திலேயே பனை விதைத்திருக்கிறார்கள். இன்று நாம் தேரியை அசையாத மேடாகப் பார்க்கிறோம் என்றால் அதை அப்படி வைத்திருப்பது உயிர்தான், மண்ணின் சுபாவம் அல்ல.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 65 செ.மீ. மழைதான், அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். களிமண் நிலமாக இருந்தால் அதில் பாதி ஓடிப்போகும், மீதி வெயிலில் போகும். தேரி அப்படியில்லை, விழுந்த மழையை உடனே குடித்துவிடும். மேலே இரண்டு சாண் மணல் காய்ந்தவுடன் அதுவே மூடி மாதிரி ஆகி, கீழே இருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கும். அடியில் தண்ணீர் சுலபமாக இறங்க முடியாத அடுக்கு இருந்தால் அதன் மேல் நீர் தேங்கி, பள்ளமான இடத்தில் சுனையாக வெளியே வரும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்று சாமிக்குப் பெயரே சுனையை வைத்துத்தான். சுற்றிலும் மணலாகக் கிடக்கும் இடத்தில் ஊறும் தண்ணீரைக் காவல் காக்க ஒரு சாமி வேண்டும் என்று நினைத்தவர்கள், அந்தத் தண்ணீரின் மதிப்பை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

திருச்செந்தூர் நாழிக்கிணறு இன்னும் ஆச்சரியம். அலை அடிக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் குளிக்கத் தகுந்த நல்ல தண்ணீர். முருகன் வேலால் குத்தி உண்டாக்கினார் என்று தலபுராணம் சொல்லும். நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் ஒரு லிட்டர் கடல்நீர் 1,025 கிராம் இருக்கும். அந்த 25 கிராம் வித்தியாசத்தால், கரையோர மணலுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மணல் குறுக்கே இருப்பதால் இரண்டும் சீக்கிரம் கலப்பதில்லை. இதில் ஒரு பழைய கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது கடல்நீரை அமுக்கி வைத்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். ஆழ்துளைக் கிணறு போட்டு, மழை கொடுப்பதைவிட அதிகமாக இறைத்து, மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழே இருந்து உப்புத்தண்ணீர் 40 மீட்டர் வரைக்கும் மேலே ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, வருடங்கள் ஆகும், அதனால்தான் இறைக்கும்போது தெரிவதில்லை. உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்துப்போனது இப்படித்தான்.

நிலம், நீர், காற்று, உயிர் நான்கும் ஒரே இடத்தில் கூடி வேலை செய்வதைக் காட்டச் சொன்னால் நான் பதநீர்க் கலயத்தைக் காட்டுவேன். பனையின் ஓலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. காற்றில் அது இருப்பது பத்தாயிரத்தில் நான்கு பங்கு சொச்சம்தான். வேர் மணலுக்கு அடியிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. வெயிலில் இரண்டும் சேர்ந்து சர்க்கரையாகிறது, பாளையைச் சீவினால் அது சொட்டுகிறது. அதாவது கருப்பட்டியின் இனிப்பில் மண்ணின் பங்கு மிகக் கொஞ்சம், அது கிட்டத்தட்ட முழுவதும் காற்றும் தண்ணீரும். சர்க்கரை எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரி, அந்தக் கரி முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. மண் கொடுத்தது பொட்டாசியம், இரும்பு மாதிரி கொஞ்சம் தாதுக்கள்.

சொட்டும் சாற்றை அப்படியே விட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். அதனால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். எங்கள் ஆச்சி சுண்ணாம்பைக் குழைத்துக் கொடுக்கும்போது ‘கொஞ்சம் கூடிட்டுன்னா கருப்பட்டி காறும்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள். அந்தச் சுண்ணாம்பு ஏது? கிளிஞ்சலைச் சுட்டது. கிளிஞ்சல் ஏது? மன்னார் வளைகுடாவில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடு. சிப்பிக்குச் சுண்ணச்சத்து ஏது? மலையில் மழைநீர் பாறையைக் கரைத்தது என்று சொன்னேனே, அப்போது கரைந்த கால்சியம் ஆற்றோடு கடலுக்கு வந்து, தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவோடு சேர்ந்து ஓடாகிறது. பனையேறியின் இடுப்புக் கலயத்தில் பொதிகைப் பாறையும் கடல் சிப்பியும் காற்றும் தேரித் தண்ணீரும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றியெடுத்தால் நம் கைக்குக் கருப்பட்டியாக வருகிறது.

இனி வேகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பகுதி பார்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. ஒரு வருடத்துக்கே 65 செ.மீ. பெய்யும் மாவட்டம் இது. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் வரிசையாக உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். ஆறு பல வருடங்களில் கொண்டுவரும் மணலையும் வண்டலையும் வெள்ளம் ஓரிரு நாளில் அள்ளிப்போனது, சில வயல்களில் பயிருக்கு மேல் மணல் மூடிவிட்டது. காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை நாம் 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம், கடலும் காற்றும் சூடாகிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாள் மழையைக் காட்டி இதனால்தான் என்று அடித்துச் சொல்லக் கூடாது, ஆனால் இப்படிப்பட்ட நாள்களுக்கான சரக்கு காற்றில் கூடிக்கொண்டே போகிறது.

வரிசையாக வைத்துப் பாருங்கள். மழைக்கு ஒரு நாள் போதும். காற்றுக்கு ஓர் ஆடி மாதம் வேண்டும். நிலத்தடியில் உப்பு ஏற வருடங்கள். பனை பலன் கொடுக்கப் பதினைந்து வருடத்துக்கு மேலும் ஆகும். கடல் விலகித் திரும்பி வர ஆயிரக்கணக்கான வருடங்கள். ஒரு சிக்கல் வரும்போது நாம் வேகமாக நடப்பதை மட்டும்தான் கவனிக்கிறோம், வெள்ளம் வந்தால் வெள்ளம், புயல் வந்தால் புயல். மெதுவாக நடப்பதுதான் வேகமானதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை விட்டுவிடுகிறோம்.

ஒரு தேரிச் சரிவில் பனையையும் உடையையும் வெட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்குத் தடை குறையும், மணல் தாவத் தொடங்கும். தாவும் மணல் இளஞ்செடிகளின் இலையைக் கிழிக்கும், சிலதைப் புதைக்கும், அதனால் இன்னும் செடி குறையும், இன்னும் மணல் தாவும். நிழல் போனதால் மணல் சூடாகும், ஈரம் குறையும், விழுந்த விதையும் முளைக்காது. ஒரு மாற்றம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலுக்கு அறிவியலில் நேர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். இது எதிர்த்திசையிலும் ஓடும் என்பதுதான் நல்ல செய்தி. ஒரு செடி பிடித்துக்கொண்டால் அதன் அடியில் மணல் நிற்கும், சருகு சேரும், ஈரம் தங்கும், பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். ஆனால் வெட்டுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும், திரும்பப் பிடித்துக்கொள்ள ஒரு தலைமுறை வேண்டும். தேரி மணலை லாரியில் அள்ளும்போதும் இதேதான். காற்று அதைக் கொண்டுவந்து கொட்டிய காலம் முடிந்துவிட்டது. அதனால் தேரி மணலைப் புதுப்பிக்க முடியாத பொருளாகத்தான் நான் கருதுகிறேன். தேரியைத் தரிசு என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. மழையைச் சேர்த்துவைத்துக் கடல்நீரைத் தள்ளிப் பிடித்து நிற்கும் ஒரு நிலம் அது.

பனங்கொட்டை விதைக்கும் காலம் புரட்டாசி. ஆடிக்காற்று ஓய்ந்திருக்கும், அதனால் விதை மேல் போட்ட மணல் அப்படியே இருக்கும். ஐப்பசி மழை வரப்போகிறது, அதனால் மணலுக்கு அடியில் ஈரம் இறங்கும். விதை முளைத்தவுடன் மேலே வராது. முளை முதலில் கீழே, ஈரத்தைத் தேடி இறங்கும். பொங்கலுக்கு நாம் பிடுங்கி அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். பிடுங்காமல் விட்டால் அது அங்கேயே வேர்விடும், மாதங்கள் கழித்து ஒற்றை ஓலை கத்தி மாதிரி மணலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அடுத்த ஆடிக்காற்று அடிப்பதற்குள் அது மணலில் பிடித்து நிற்க வேண்டும்.